ஃபியட்டுக்கு என்ன நிறம்

செப்டம்பர் 8, ஞாயிறு

எஸ்தர் அம்மாவின் ஃபியட் கார் இன்று காலை முதலில் இருமியது. பிறகு தும்மியது. பிறகு ஓடியது.

மெக்கானிக் ரபீக் சாவியைத் திருப்பியபோது நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்காட்டைப் பிடித்தபடி குந்தியிருந்தேன். அந்த நடுக்கம் கை வழியாக ஏறி நெஞ்சுவரை வந்தது. கூட்டாளி குணசீலன் என் முகத்தைப் பார்த்து, “ஏனுங்ணா, அழுகறீங்களா?” என்றான். புகை என்றேன். புகைதான்.

இதை நானே எழுதுகிறேன். என் பெயர் நாச்சிமுத்து. எழுபது கடந்தவன். எழுத்துக் கூட்டப் பழகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மாலை வகுப்பில் வான்மதி டீச்சர், “தெனமும் நாலு வரி எழுதுங்க, கை தானா வரும்” என்றார். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் காபி ஆறி, வெயில் கட்டிலின் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குப் போய்விடுகிறது. போகட்டும். எனக்கு வேறு என்ன அவசரம்?

ஓர் அவசரம் இருக்கிறது. எஸ்தர் அம்மா எங்கள் உடுமலைப்பேட்டையில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர். நான் அங்கே வாட்ச்மேன். வாட்ச்மேன் என்று பெயர். விடிந்ததும் அவர் காரைக் கழுவித் துடைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஆஸ்பத்திரியை மூடி நாளாகிவிட்டது. அவரும் தைப் பொங்கல் முடிந்ததும் தங்கை மகனோடு பெங்களூர் போகிறார். இனி வரமாட்டார். கொட்டகையில் புழுதியேறிக் கிடந்த காரை எனக்குக் கொடுத்துவிட்டார்.

“எடுத்துட்டுப் போ நாச்சி. எடைக்குப் போட்டாலும் சரி.”

“எடைக்குப் போடறதுக்குங்களா? நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள பழையபடி வாசல்ல கொண்டாந்து நிறுத்தறனுங்கம்மா. ஒரு சுத்துப் போயிட்டு வரோணும்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “பழையபடி, அப்படியேவா?”

“அப்படியேங்க.”

“சரி. காத்துட்டிருக்கேன்.”

என்ஜின் வேலை முடிந்தது. தகரமும் வண்ணமும் மிச்சம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காற்று பலம். எழுதும்போதே தாள் புரள்கிறது. மட்காட்டுக்கு உப்புத்தாள் தேய்த்தேன். கை மணக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

குணசீலன் பியூட்டி பார்லருக்குப் போய்விட்டு வந்தான். தலை போனபடியே திரும்பி வந்தது.

அவன் மில்லில் கம்ப்யூட்டர் அறையில் இருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிட இளையவன். அவன் அப்பாவின் பஞ்சு குடோனில்தான் நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம் என்று துளசிமணி, அதாவது என் மனைவி, சொல்லுவாள். குடோனின் ஒரு பாதியில் என் கார். மறு பாதியில் அவன் கம்ப்யூட்டர்கள். மில்காரர்கள் தூக்கி எறிந்த பழைய பெட்டிகளை எடுத்து வந்து, பிரித்து, துடைத்து, உயிர் கொடுக்கிறான்.

“கார் ஆளச் சுமக்கும். இது என்னப்பா பண்ணும்?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“கணக்குப் பண்ணுமுங்.”

“என்ன கணக்கு?”

“இப்ப ஒண்ணும் இல்லீங்ணா. முழிச்சிருந்தாப் போதும்.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

வயதானால் கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடுமாம். பார்லரில் தலைமுடியை வெளுக்க வைக்கும் கிரீமை அதன்மேல் பூசி, கண்ணாடித்தாள் சுற்றி, வெயிலில் வைத்தால் பழைய வெள்ளை திரும்புமாம். மொட்டை மாடியில் அதைக் குழந்தையைப்போல் படுக்கவைத்து, வெயிலுக்கு ஏற்றபடி திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் கழுவித் துடைத்துக் கீழே கொண்டுவந்தான்.

“பாருங்ணா. பால் மாதர ஆயிருச்சு.”

பார்த்தேன். காலையில் என்ன நிறமோ அதே நிறம். பழுத்த கதலிப் பழம்.

“நல்லா இருக்குதப்பா” என்றேன். நாளெல்லாம் வெயிலில் காய்ந்தவனிடம் வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 22, ஞாயிறு

பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டோம். கார் இப்போது குளித்துவிட்டுத் துண்டு தேடுகிற ஆளைப்போல நிற்கிறது.

முன்சீட்டுக்கு அடியில் ரப்பர் மேட்டைத் தூக்கிய குணசீலன் கூப்பிட்டான். உள்ளங்கையகலத்துக்குப் பழைய பெயிண்ட் சேதமில்லாமல் இருந்தது. “இதுதாங்ணா ஒரிஜினல் கலரு. இத வெச்சு அப்படியே கலந்துக்கலாம்.”

குனிந்து பார்த்தேன். சப்பென்று இருந்தது. அலசிய தண்ணீர்போல.

“மிதிபட்டு மிதிபட்டு வெளுத்துப் போனதப்பா இது.”

“மேட்டுக்கு அடியில வெயிலே படாதுங்களே. எப்படிங் வெளுக்கும்?”

மேட்டை மறுபடி போட்டு மூடினேன். ஆனால் எனக்குத் தெரியும். ஈரத்துணியால் கதவைத் துடைத்ததும், அது காய்வதற்கு முன்னால் ஒரு நீலம் நிற்கும். பார்த்தால் வாயில் இனிக்கும். அந்த நீலத்துக்காகத்தான் நான் துடைத்த கதவையே திரும்பத் துடைப்பேன். அதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

அக்டோபர் 3, வியாழன்

இன்று நிறம் கலந்தோம். கடைக்காரர் டப்பாக்களின்மேல் தாள் ஒட்டி, வெள்ளை, நீலம், கருப்பு என்று கையால் எழுதியிருந்தார். குணசீலன் சொல்வதற்கு முன்னால் நான் படித்துவிட்டேன். நீலம் என்ற சொல்லைப் படித்துவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே நீலம் இருக்கிறது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

வெள்ளையில் நீலத்தை ஊற்றிக் கலக்கினேன். வரவில்லை. இன்னும் ஊற்றினேன். இன்னும்.

“போதுங்ணா. இது சொட்டு நீலம்.”

“இன்னும் வரலப்பா.”

“இதுக்கு மேல ஊத்துனா ரோட்டுல மாடு மெரளும்.”

சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துப்போய் மேட்டைத் தூக்கிக் காட்டினான்.

“இதையும் பாருங், அதையும் பாருங். கண்ணால பாருங்ணா.”

“கண்ணாலதான் பாத்துட்டிருக்கறேன். நீ இந்த வண்டிய ஒரு நாளாச்சும் தொட்டிருக்கியா? நான் தெனமும் குளிப்பாட்டுனவன்.”

“தொட்டதெல்லாம் சரிங்ணா. கலரு கைக்குத் தெரியாதுங்ளே.”

அப்போது எனக்குக் கோபம் வந்தது. “மொதல்ல உன்ற கம்ப்யூட்டரப் பாரு. மஞ்சக்காமாலை வந்தவனாட்ட இருக்குது. அத வெள்ளைன்னு சொல்லிட்டுத் திரியறவன் எனக்குக் கலரு சொல்ல வந்துட்டயா?”

குணசீலன் அலமாரியில் இருந்த தன் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“வெள்ளையா இல்லீங்களா அது?”

“இல்ல.”

“அன்னைக்கு நல்லா இருக்குதுன்னீங்களே.”

அவன் குடோன் சாவியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அக்டோபர் 4, வெள்ளி

குணசீலன் வரவில்லை. நிறம் நான் நினைத்தபடி வந்துவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. மழை இன்னும் வரவில்லை. பெயிண்ட் அடிக்க இதைப்போல ஒரு நாள் கிடைக்காது. துளசிமணி முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு கம்ப்ரசர் குழாயைப் பிடித்து என் பின்னாலேயே வந்தாள். நான் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடித்தேன். சந்தனம் தெளிப்பதுபோல் மெல்ல மெல்ல. கதவின் மேல் அந்த நீலம் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வாயில் இனித்தது.

முடித்துவிட்டு, “எப்படி?” என்றேன்.

அவள் காரை ஒரு முறை சுற்றிவந்தாள். “கண்ணுல ஒட்டிக்குதுங் மாமா.”

பால்காரர் வண்டியை நிறுத்தி, “சர்க்கஸ் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?” என்று கேட்டார். ஊரில் புதிதாக எது வந்தாலும் ஜனங்களுக்கு ஆர்வம்தான்.

குணசீலன் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அலமாரியில் அந்தப் பெட்டி இருந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

அக்டோபர் 31, தீபாவளி

இந்த வருடத்துத் தீபாவளி எல்லாவற்றையும்விட அழகு. தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். வளையத்துக்குள் வானவில். வாசலில் புஸ்வாணம் எரிந்தபோது ஒரே ஒரு பூவிலிருந்து தெரு முழுக்க ஒளி வழிந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஒளிக்குள் நீந்துவதுபோல் ஓடினார்கள். யார் யார் என்று தெரியவில்லை. அப்படி இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

சின்ன வயதில் இவ்வளவு வெளிச்சம் கிடையாது. இப்போது வரும் விளக்குகள் உயர்ந்தவை.

நவம்பர் 10, ஞாயிறு

இந்த நோட்டுப் புத்தகத்தில் கோடுகளை மிகவும் மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். கடையில் போய்ச் சொன்னேன். கடைக்காரர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேற கம்பெனி குடுக்கறனுங்” என்றார். அதுவும் அப்படித்தான் இருக்கிறது. துளசிமணி ஸ்கேல் வைத்துக் கருப்புப் பேனாவால் கோடு போட்டுத் தந்தாள். அவள் படிக்காதவள். கோடு மட்டும் அழகாகப் போடுகிறாள்.

போட்டுக்கொண்டே சொன்னாள். “கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்தரலாமுங்களா மாமா?”

“எதுக்கு? கோடு சரியில்லைன்னா கண்ணு சரியில்லைன்னு அர்த்தமா?”

“நேத்துக் கொடியில காஞ்சுட்டிருந்த என்ற சேலைய, வா உக்காருன்னு கூப்புட்டீங்க.”

“வெளையாட்டுக்குக் கூப்புட்டேன்.”

விளையாட்டுக்குத்தான் என்று எழுதிவைக்கிறேன்.

என் அப்பாவுக்குக் கண்ணில் கத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் என்னைக் குரலில் மட்டும்தான் அடையாளம் கண்டார். அது அந்தக் காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுத்து இப்போதுதான் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பிவிட எனக்கு மனம் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் இருக்கும் எஸ்தர் அம்மா வீட்டுக்குப் போனேன். காரையே கொண்டுபோய் நிறுத்துவதுதான் வாக்கு. ஆனாலும் நிறத்தை முன்னாலேயே காட்டிவிட ஆசை. பெட்ரோல் மூடிக்கு மேல் இருக்கும் சின்னத் தகரக் கதவைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போனேன்.

வீடு பாதி காலியாகிவிட்டது. ஜன்னல் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். எனக்கு மிகவும் சந்தோஷமாகிவிட்டது.

“அம்மா இன்னைக்குத்தான் மஞ்சப் பொடவ கட்டிப் பாக்கறனுங். எத்தன அம்சமா இருக்குதுங்.”

அவர் தன் புடவையைக் குனிந்து பார்த்தார். நான் தகரத்தைப் பிரித்து நீட்டினேன்.

“பாருங்கம்மா. இதுதானுங்களே நம்ம வண்டிக் கலரு?”

அவர் தகரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“கலர அப்புறம் பாக்கலாம். நாச்சி, இப்படி வெளிச்சத்துக்கு வா. கிட்ட வா.”

மண்டியிட்டேன். என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். மேசையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்தார். டார்ச்சைச் சுற்றியும் வளையம். அதையும் சொன்னேன், வானவில்போல இருக்கிறது என்று.

“எத்தன நாளா இந்த வானவில்?”

“தீபாவளிக்கு முந்தியே உண்டுங்கம்மா.”

“நான் என்னைக்காவது வெள்ளையத் தவிர வேற கலர்ல பொடவ கட்டி நீ பாத்திருக்கியா?”

நான் அவர் முழங்காலுக்கு அருகில் புடவையைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் என்ன தெரியும்? குணசீலன் சொன்னது சரிதான், கலர் கைக்குத் தெரியாது.

“ரெண்டு கண்ணுலயும் பொரை முத்திப் போச்சு. பயப்படற விஷயம் இல்ல. எடுத்துட்டு லென்ஸ் வெச்சுருவாங்க.”

“எழுத்துப் போயிருமுங்களா?”

“என்ன எழுத்து?”

நான் எழுதப் படிக்கப் பழகியதை அவரிடம் சொல்லவேயில்லை. காரை நிறுத்தும் நாளில் அவர் முன்னால் ஏதாவது படித்துக்காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். இப்போது சொல்லும்படி ஆகிவிட்டது. அவர் டார்ச்சை அணைத்து மேசையில் வைத்தார்.

“போகாது. நல்லா வரும். கார்த்திகை முடிஞ்சதும் போ. எனக்குச் சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். தகரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் எனக்குத் தோன்றியது. புடவை வெள்ளையாக இருந்தால், கார்?

டிசம்பர் 13, கார்த்திகை தீபம்

துளசிமணி வாசலில் அகல் வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு சுடருக்கும் ஒரு வளையம் முளைத்தது. வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தெருமுனைவரை போயின. மேலே நிலா மூன்றாக இருந்தது. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி.

“நெலா மூணு இருக்குதல்ல துளசி?”

“ஒண்ணுதானுங் மாமா.”

“வெளக்கச் சுத்தி வளையம்?”

“இல்லீங்.”

எல்லோருக்கும் தெரிவதாகத்தான் நினைத்திருந்தேன். இத்தனை அழகும் எனக்கு மட்டும் வந்ததா? அப்படியானால் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சுடர்கள் அணையும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன். துளசிமணியும் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு ஒரு நிலாதான். ஆனாலும் எழுந்து போகவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

நேற்று வலது கண் முடிந்தது. வலி இல்லை. துணி மறைத்திருக்கிறது. இதை இடது கண்ணால் எழுதுகிறேன். டாக்டருக்குத் தெரியாது.

டிசம்பர் 20, வெள்ளி

துணியை எடுத்தார்கள்.

வெள்ளை. வெள்ளை என்பது இவ்வளவு வெள்ளையா? நர்ஸின் சட்டை, சுவர், பாத்திரத்தில் பஞ்சு, எல்லாமே சத்தம் போட்டன. துளசிமணி உள்ளே வந்தாள்.

“உனக்கு எப்பப் புள்ள தலை நரைச்சுது?”

“பேரன் பொறந்தப்பவேங்.”

“சொல்லவே இல்ல?”

“என்னனு சொல்லோணும்? ஆளு வெச்சா?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை கோடுகள். அத்தனையும் தெளிவாக அச்சடித்தவை.

வலது கண்ணை மூடினால் உலகம் தேன் ஊற்றியதுபோல் இருக்கிறது. இடதை மூடினால் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை மாற்றி மாற்றி மூடிக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டுப் பெண்மணி நான் கண்ணடிக்கிறேன் என்று எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார். துளசிமணி அவரிடம் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

டிசம்பர் 22, ஞாயிறு

குடோன் கதவைத் திறந்தேன். மூடினேன்.

சற்று நேரம் கழித்து மறுபடி திறந்தேன். அது அங்கேயேதான் நின்றது. நீலம் என்று அதைச் சொல்ல முடியாது. கத்திரிப்பூவையும் சொட்டு நீலத்தையும் சேர்த்துக் காய்ச்சியதுபோல். மாடு மிரளும் என்றானே, நானே மிரண்டேன். இதைத்தான் துளசிமணி கண்ணில் ஒட்டிக்கொள்கிறது என்றாளா?

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். உடனே அந்தப் பழைய நீலம் வந்து நின்றது. இனித்தது. கையை எடுத்தால் போய்விட்டது.

பிறகு மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். குணசீலன் காட்டிய உள்ளங்கையளவு இடம். சாம்பல் கலந்த மெல்லிய நீலம். அமைதியாக இருந்தது. அதுதான் சரி. அவன் சொன்னது சரி.

எஸ்தர் அம்மா ஊருக்குப் போக நாட்கள் அதிகம் இல்லை. இந்தக் காரைப் பழையபடி என்று சொல்லி அவர் வாசலில் நிறுத்த முடியாது.

டிசம்பர் 23, திங்கள்

குணசீலன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு கீபோர்டின் பொத்தான்களைப் பிடுங்கிப் போட்டு அரிசி களைவதுபோல் களைந்துகொண்டிருந்தான். என் கருப்புக் கண்ணாடியைப் பார்த்தான். ஸ்டூலை மட்டும் என் பக்கம் தள்ளினான்.

“வெள்ளையா இருக்குதப்பா” என்றேன். உள்ளே மேசைமேல் அந்தப் பெட்டி தெரிந்தது.

“எதுங்?”

“உன்ற கம்ப்யூட்டரு.”

“எப்ப இருந்துங்?”

“வெள்ளிக்கெழமையில இருந்து.”

அவன் பொத்தான்களை விட்டுவிட்டு நிமிர்ந்தான். நான் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தான். எஸ்தர் அம்மா பார்த்ததுபோலவே பார்த்தான்.

“அப்ப அன்னைக்கு நீங்க பொய் சொல்லலீங்களா? மொதல்ல கோவத்துல சொன்னீங்கன்னு நெனச்சேன்.”

“எனக்கு அது மஞ்சளாத்தானப்பா இருந்துது.”

அவன் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தான். பால் மாதிரிதான். ஆனால் ஒரு மூலை வெடித்து, துண்டு பெயர்ந்திருந்தது.

“அப்பறம், உங்களுக்கு மஞ்சளாத் தெரியுதுன்னா எனக்குத்தான் ஆசையில வெள்ளையாத் தெரியுதாட்ட இருக்குதுன்னு, மறுக்கா மறுக்கா கிரீமப் பூசி வெயில்ல வெச்சனுங்ணா. கருவாடாட்டக் காஞ்சு வெடிச்சுப் போச்சு.”

வெடித்த இடத்தை விரலால் தடவினேன். என் பேச்சை இவன் இவ்வளவு நம்புகிறவன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

“ஒட்டிக்கலாமுங், விடுங்” என்றான். “வண்டி எப்படி இருக்குதுங்?”

“சர்க்கஸ்.”

முதலில் அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு முடியவில்லை. இருவரும் சிரித்ததில் பொத்தான்கள் எல்லாம் கொட்டி, வாசலெங்கும் எழுத்தாகச் சிதறின.

ஜனவரி 4, சனி

குணசீலன் பின்பக்கத்தில் பழைய வண்ணம் ஒளிந்திருந்த அந்தப் பெட்ரோல் மூடித் தகரத்தைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு கடையில் மெஷின் அதைப் பார்த்துச் சொன்னபடி கலந்து வாங்கிவந்தான். எனக்குக் கண்ணில் தூசி படக்கூடாது. குடோனுக்கு வெளியே நாற்காலி. உள்ளே அவனும் துளசிமணியும் என் சர்க்கஸ் நீலத்தைத் தேய்த்து எடுக்கிறார்கள். வாசல் வழியாக நீலப் புழுதி வருகிறது.

“அந்த ஓரத்துல இன்னும் தேய்க்கோணும்” என்றேன்.

“கருப்புக் கண்ணாடி போட்டா மொதலாளி ஆயிருவீங்களா மாமா?” என்றாள் துளசிமணி உள்ளேயிருந்து.

ஜனவரி 5, ஞாயிறு

மொட்டை மாடிக் கொடியில் துளசிமணியின் சேலை நீலமாகக் காய்கிறது. துவைத்தும் போகவில்லையாம்.

ஜனவரி 11, சனி

முடிந்தது. பனிக்காலம், காற்று இல்லை. ஒரு தூசி ஒட்டவில்லை.

என்னைக் கூப்பிட்டுக் கார் முன்னால் நிறுத்தினார்கள். வலது கண்ணால் பார்த்தேன். சரியாக இருந்தது. மேட்டுக்கு அடியில் இருந்த அதே நிறம். குணசீலன் என் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

“இதுதானப்பா” என்றேன்.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். சரியாக இருந்தது, ஆனால் எனக்கு அது புதுக் கார். என் நெஞ்சில் இருந்த நீலம் இது இல்லை. இடது கண்ணால் பார்த்தேன், அதிலும் இல்லை. அந்த நீலம் ஒரு நாளும் கதவின்மேல் இருந்ததில்லை போலிருக்கிறது. ஈரத்திலும் விடியலிலும் எனக்கு அப்போது இருந்த வயதிலுமாகக் கலந்து இருந்திருக்கிறது. எந்தக் கடையில் போய் அதைக் கேட்பது? மாசியில் இடது கண்ணுக்கும் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 18, சனி

எஸ்தர் அம்மா நாளைக்குப் போகிறார். இன்று காலை காரைக் கொண்டுபோனோம். குணசீலன் ஓட்டினான். துளசிமணி பின்சீட்டில். நான் முன்னாலேயே நடந்துபோய் ஆஸ்பத்திரி கேட்டைத் திறந்து பிடித்து நின்றேன். பழக்கம்.

கார் வாசலில் வந்து நின்றது. அம்மா ஊன்றுகோலோடு படி இறங்கினார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முகப்பையும் கதவையும் முதல் வெயில் தொட்டிருந்தது. அவர் பார்ப்பதற்காகக் காத்திருந்தேன்.

அவர் நிற்கவில்லை. நேராக ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் போனார். “தம்பி, எறங்கு.”

குணசீலன் இறங்கினான். “அம்மா, லைசென்ஸ்...”

“காம்பவுண்டுக்குள்ளதானே. இங்க எந்தப் போலீஸ் வரப்போறான், பிரசவத்துக்கா?”

உட்கார்ந்தார். கதவை இழுத்து மூடினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். ஸ்டீயரிங்கின் ஓரத்தில் இருக்கும் கியர்க் கம்பியைப் பார்க்காமலேயே கை தேடிப் பிடித்தது. கிளட்சை மிதித்துவிட்டு மெல்ல விட்டார். சீட்டில் கொஞ்சம் அசைந்து, தனக்கான பள்ளத்தில் அமர்ந்தார்.

“அப்படியே இருக்கு நாச்சி.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “கலருங்கம்மா?”

“கலரா? இது என்ன கலர்ல இருந்தது?”

நான் குணசீலனைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் எங்கடா இதோட வெளிப்பக்கத்தப் பாத்தேன்? ஃபோன் வரும், ஓடி வந்து ஏறுவேன். அங்க போய் எறங்கி உள்ள ஓடுவேன். வெளிய நின்னு பாத்தவன் நீதான். நீ சரின்னா சரி.”

“சரியா இருக்குதுங்கம்மா.”

“அப்ப ஏறு. இத்தன வருஷத்துல நீ இதுல ஏறினதே இல்லல்ல?”

இல்லை. ஒரு நாளும் இல்லை. யாரும் ஏறாதே என்று சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்தேன். பின்னால் துளசிமணி, “மாமா, நேரா உக்காருங்” என்றாள். குணசீலன் ஓடிவந்து அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். வண்டி கிளம்பியது.

பழைய வார்டு மெல்ல நகர்ந்து பின்னால் போனது. நான் வாளியோடு நின்ற குழாயடி போனது. வேப்பமரங்கள் போயின. அம்மா கியரை மாற்றினார். கார் ஒரு முறைகூட முனகவில்லை. நான் முன்னால் இருந்த பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் மேகம் ஓடியது, கிளைகள் ஓடின. வெளியே நின்று துடைத்த காலத்தில் அதில் என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து பார்த்தால் அதில் முகம் இல்லை. வெறும் நீலம் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் கார் முடிந்து வானம் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கண் நன்றாகத்தான் இருக்கிறது.